நாடியிலிருந்து விரலை எடுத்த பிறகு

போன செவ்வாய்க்கிழமை மதியம், எங்கள் ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் சாப்பாட்டு டப்பா. முகம் வெளுத்து, மேலுதடு முழுக்க வியர்வை. "அக்கா, எனக்கு என்னமோ ஆகுது. செத்துருவேன் போல இருக்கு" என்றாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடினார். இன்னொருவர் "நல்லா ஆழமா மூச்சை இழும்மா" என்றார். நான் அவள் கையைப் பார்த்தேன். வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தன. நாடி பார்க்கிறாள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஏழெட்டு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேனிக் அட்டாக் என்கிற திடீர் பயத் தாக்குதலைப் பற்றி, அன்றைக்குப் படிக்கட்டில் வைத்துச் சொல்ல முடியாததை இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது 2018-ல், ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் சாயங்காலம். மேட்டூர் அணை நிரம்பி, ரொம்ப நாள் கழித்துக் காவிரியில் தண்ணீர் பொங்கிப் போன வருஷம் அது. திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் 1-ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். அண்ணா சிலை தாண்டிப் பாலத்தில் ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டம். முன்னாலும் அசையவில்லை, பின்னாலும் அசையவில்லை.

முதலில் உள்ளங்கை வேர்த்தது. பிடித்திருந்த கம்பி வழுக்கியது. அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். இருட்டில் படி இறங்கும்போது, இல்லாத படியில் கால் வைத்துவிட்டால் ஒரு திடுக் வருமே, அது மாதிரி. வந்தது நிற்கவில்லை, படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மூச்சு முட்டியது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுவது போல ஒரு குறுகுறுப்பு, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. பக்கத்தில் பேசுகிறவர்களின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. இறங்கி ஓடலாம் என்றால் பாலம், கீழே தண்ணீர். பையன் டியூஷன் முடிந்து வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பானே, சாவி என்னிடம் அல்லவா இருக்கிறது என்றுதான் ஓடியது. சாகப்போகிறோம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மாம்பழச்சாலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ஈசிஜி எடுப்பதற்குள்ளேயே பாதி சரியாகிவிட்டது. ரிப்போர்ட் நார்மல். "கேஸ்தாம்மா, ஒன்னுமில்ல" என்று வாயுவுக்கு ஒரு பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு ஈசிஜி, ஒரு எக்கோ. ஒவ்வொரு தடவையும் அதே "ஒன்னுமில்ல".

ஈசிஜி எடுத்ததில் எனக்குக் குறையே இல்லை. முதல் முறை நெஞ்சில் இப்படி வந்தால் யாராக இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்; 108-ஐக் கூப்பிடவும் தயங்கக் கூடாது. "உனக்கு டென்ஷன்தான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டி, நிஜமான மாரடைப்பை விட்டுவிடுகிற ஆபத்து பெண்களுக்கு ரொம்ப அதிகம். வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், மாடி ஏறும்போது வந்து உட்கார்ந்தால் அடங்கினால், அதை இதய மருத்துவர்தான் பார்க்க வேண்டும். என் வருத்தம் அந்த "ஒன்னுமில்ல" மேல்தான். இதயத்தில் ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் எனக்கு வந்தது ஒன்றுமில்லாதது இல்லையே. அதற்கு ஒரு பெயர் உண்டு, வைத்தியம் உண்டு. பேனிக் அட்டாக் என்ற அந்த இரண்டு வார்த்தையை அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்குப் பல மாதம் மிச்சமாகியிருக்கும்.

அம்மா, பாலத்தில் எதையோ பார்த்து நான் பயந்துவிட்டதாகச் சொல்லி, மந்திரித்துக் கையில் கயிறு கட்டிக் கூட்டி வந்தாள். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அம்மா கட்டிய கயிறு என்பதால் இருக்கலாம்.

அதற்கப்புறம் என் வாழ்க்கை சுருங்க ஆரம்பித்தது. மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் பஸ்ஸை விட்டேன். வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவிட்டார். கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசை, பந்தியில் ஓர இலை. தியேட்டர் பக்கமே போகவில்லை. எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில். எந்தத் தெருவில் எந்த ஆஸ்பத்திரி என்று மனசுக்குள் ஒரு வரைபடம். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய, பதற்றத்தைக் குறைக்கும் அல்பிரசோலம் மாத்திரை அட்டை ஒன்று பர்ஸில். இது போதாதென்று நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை மணிக்கட்டில் விரல். 84. சரி. 96. ஏன் 96? விரலை வைத்துக்கொண்டே இருந்தால் 110. பயத்தில் எண்ணிக்கை ஏறும், எண்ணிக்கையைப் பார்த்துப் பயம் ஏறும். வராமல் தடுக்க இவ்வளவும் செய்தேன். மாதம் ஒன்றாக வந்தது வாரம் மூன்றாக ஆனது.

2019 பிப்ரவரியில், என் நாத்தனார் சொல்லி, ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஓபி சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. உள்ளே ஐம்பது வயதிருக்கும் பெண் மருத்துவர். என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவர் கேட்டதை அதுவரை யாரும் கேட்டதில்லை: "இதனால என்னென்ன செய்யாம விட்டீங்க?" சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் தாண்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு, "ஒரு நிமிஷம் வேகவேகமா மூச்சு விடுங்க. நானும் கூடவே விடறேன்" என்றார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஓடிக் களைத்தவர்கள் போல மூச்சு விட்டோம். அரை நிமிஷத்தில் உதட்டோரம் எறும்பு ஊறியது. விரல் மரத்தது. தலை கிறுகிறுத்தது, அறை தூரமாகப் போனது. அவ்வளவும் அப்படியே வந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் இங்க குறுகுறுங்குது" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இங்க பாலம் எங்கம்மா இருக்கு?"

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. வேகமாக மூச்சு விட்டால் உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, அதனால் ரத்தத்தில் வேலை செய்யும் நிலையில் இருக்கிற கால்சியம் குறைகிறது, நரம்புகள் குறுகுறுக்கின்றன. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்குவதால் கிறுகிறுப்பு, எல்லாம் கனவு போலத் தோன்றுவது. மூச்சு முட்டுகிறது என்று தோன்றினாலும் ஆக்சிஜன் குறைவதில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது அட்ரீனலின் செய்கிற வேலை. நாய் துரத்தும்போது கால் ஓடுவதற்காக அடிக்கிற அதே அடி. மயங்கி விழுந்துவிடுவேன் என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். இந்த நேரத்தில் அது பெரும்பாலும் ஏறத்தான் செய்கிறது. அதனால் விழுவது அரிது. ரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிறவர்கள் கதை வேறு. வழக்கமாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். உடம்பால் அந்த வேகத்தை அதற்கு மேல் தாங்கிப்பிடிக்க முடியாது.

பெயர் தெரிந்ததும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களில், நோயே தெரியாமல் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலுமாக வந்தவர்களைப் பற்றி டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே எழுதியிருக்கிறார். போர்க்களத்திலிருந்து வந்தவர்களுக்கே வந்திருக்கிறது என்றால், இதைக் கோழைத்தனம் என்று யார் சொல்வது? அப்புறம் நியூயார்க்கில் டொனால்ட் கிளைன் என்பவர். இமிப்ரமின் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த காலத்தில், சாகப்போகிறேன் என்று ஓயாமல் நர்ஸ்களிடம் ஓடி வந்த நோயாளி சில வாரத்தில் ஓடி வருவதை நிறுத்திவிட்டார். அதை முதலில் கவனித்தவர்கள் நர்ஸ்கள். ஆனால் தாக்குதல் நின்ற பிறகும், வெளியே போனால் வந்துவிடுமோ என்ற பயம் போகவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது என் கதையைப் படிப்பது போலவே இருந்தது. இதைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்கள் பட்டியலில் சேர்த்தது 1980-ல்தான். 1986-ல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் அந்தச் சுழலை விளக்கினார்: நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுகிறது, அதை மாரடைப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது, அந்தப் பயத்தில் நெஞ்சு இன்னும் துள்ளுகிறது.

அப்படியென்றால் தண்ணீர் பாட்டிலும் ஓர இலையும் நாடியில் விரலும் என்ன செய்தன? ஒவ்வொரு தடவையும் என் உடம்புக்கு "இங்கே ஆபத்து இருக்கிறது, ஜாக்கிரதை" என்று சொல்லிக்கொண்டே இருந்தன. தப்பித்தபோதெல்லாம், பாட்டில் இருந்ததால் தப்பித்தேன் என்று கணக்கு எழுதினேன். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் தப்பித்திருப்பேன் என்பது தெரிய வாய்ப்பே கொடுக்கவில்லை. பேனிக் வராமல் தடுப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தடுப்பதற்காக என்னென்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். விட வேண்டியவை அதில்தான் இருக்கின்றன.

பயிற்சி வீட்டில் ஆரம்பித்தது. சுழல் நாற்காலியில் ஒரு நிமிஷம் சுற்றுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது. படபடப்பையும் கிறுகிறுப்பையும் வேண்டுமென்றே வரவழைத்து, அதுவாக அடங்கும் வரை சும்மா இருப்பது. (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு இருப்பவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.) மூன்றாவது வாரம் பஸ். முதலில் காலை பதினொரு மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில். வீட்டுக்காரர் பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார். கண்ணாடி வழியாக அவர் ஹெல்மெட் தெரியும்; அதைப் பார்த்துக்கொண்டே பாலத்தைத் தாண்டிவிடுவேன். நாலு நாள் போனதைப் பெருமையாகச் சொன்னேன். மருத்துவர் சிரித்து, "அவரும் உங்க தண்ணி பாட்டில்தாம்மா" என்றார். வீட்டுக்காரர் பின்னால் வருவதை நிறுத்தச் சொன்னார். அது எனக்குக் கஷ்டமா, அவருக்குக் கஷ்டமா என்று தெரியவில்லை. முதல் நாள் அவர் மாம்பழச்சாலை டீக்கடையில் நின்றிருக்கிறார், எனக்குத் தெரியாமல். பிறகுதான் சொன்னார்.

மார்ச் மாதம் ஒருநாள், தனியாக வரும்போது, பாலத்தின் நடுவில் முழுசாக வந்தது. முதல் நாள் வந்தது போலவே. கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. எடுத்து, இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். அடங்குகிற வரை இறங்கக் கூடாது என்பது நிபந்தனை. பாலம் முடிந்தது, மாம்பழச்சாலை போனது, அம்மா மண்டபம் போனது, பஸ் ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டது. இன்னும் அடங்கவில்லை. எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர், "என்னம்மா, இறங்கலையா?" என்றார். "இல்லண்ணே, சத்திரம் ஒன்னு குடுங்க" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார். திரும்பி வரும்போது, அதே பாலத்தில், கொட்டாவி வந்தது. பயம் வடிந்த பிறகு வருகிற கொட்டாவி. ஜன்னல் வழியே பார்த்தால் ஆற்றில் மணல்தான், நடுவில் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். அந்த டிக்கெட்டை ரொம்ப நாள் டைரியில் வைத்திருந்தேன்.

மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்பீர்கள். "ஆழமா மூச்சை இழு" என்று சொல்வது அந்த நேரத்தில் உதவாது. ஏற்கெனவே அதிகமாக இழுத்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. விடுகிற மூச்சைத்தான் நீளமாக்க வேண்டும். சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விட்டு, இழுப்பதைச் சின்னதாக, மூக்கு வழியாக வைத்தால் போதும். காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனை வேண்டாம்; வந்திருப்பது நிஜமான இதய, நுரையீரல் பிரச்சினையாக இருந்தால் அது ஆபத்து. இன்னொன்று: மூச்சுப் பயிற்சி செய்தால்தான் பிழைப்பேன் என்று பிடித்துக்கொண்டால் அதுவும் ஒரு தண்ணீர் பாட்டில் ஆகிவிடும். ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார், அவருக்கே இளம் வயதில் படபடப்புத் தொல்லை இருந்தது. எதிர்கொள், ஏற்றுக்கொள், மித, நேரம் போக விடு என்பது அவர் சொன்ன வழி. மித என்பது ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். நீச்சல் தெரியாதவன் தண்ணீரோடு சண்டை போட்டுத்தான் மூழ்குகிறான்.

மாத்திரையும் சாப்பிட்டேன். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற செர்ட்ராலின், 25 மில்லிகிராமில் தொடங்கி 50. முதல் பத்து நாள் படபடப்பு கூடத்தான் செய்தது. கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் இருந்தேன். ஒரு மாதம் ஆனது வித்தியாசம் தெரிய. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் சாப்பிட்டு, அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். பர்ஸில் இருந்த அல்பிரசோலம் வேறு வகை. அரை மணியில் கேட்கும், அதனால்தான் கை அதையே தேடும். பழகிவிடும், தினமும் போட்டுப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவரிடம் கேட்டு வாங்காதீர்கள். ஏற்கெனவே பழகியிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9 இருந்தது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. நாளுக்கு நாலு டம்ளர் டிகிரி காபி ஒன்றானது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நாட்களில் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதை நிறுத்தினேன். இவையெல்லாம் உதவின, ஆனால் இவற்றால் மட்டும் பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

திரும்ப வராதா என்றால், வந்தது. 2021 மே மாதம் கொரோனா வந்து எழுந்த பிறகு, ஆக்சிமீட்டர் என் புது நாடி ஆனது. 97. 98. 96. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்தே பேனிக்கோடு எழுந்தேன். தூக்கத்திலும் வரும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. இந்தத் தடவை ஆறேழு மாதம் காத்திருக்கவில்லை, இரண்டாவது வாரமே மருத்துவரிடம் பேசினேன். ஆக்சிமீட்டரை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் தேறிவிட்டது.

கூட இருப்பவர்களுக்காக ஒன்று. முன்பெல்லாம் என் வீட்டுக்காரர் "தைரியமா இரு, ஒன்னுமில்ல" என்பார், பதறிக்கொண்டே. இப்போது வந்தால், "பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பார். "ஏழு" என்பேன். "சரி" என்று சொல்லிவிட்டு, உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைத் தொடர்ந்து உரிப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" "ஆறு." அந்த "சரி" எனக்கு எவ்வளவு பெரிய துணை என்று அவருக்குத் தெரியுமா தெரியவில்லை.

படிக்கட்டில் அன்றைக்கு நான் செய்ததும் அதுதான். கூட்டத்தைப் போகச் சொன்னேன். அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். போன மாதமே இரண்டு தடவை வந்து ஈசிஜி எடுத்தாயிற்று, நார்மல் என்றாள். "பத்துக்கு எவ்வளவு இருக்கும்மா?" "பத்து, அக்கா." "சரி." இருபது நிமிஷத்தில் மூன்றுக்கு வந்தாள். அப்புறம் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதம். எனக்கும் ஒரு கை கொடுத்தாள்.

வீட்டில் சொல்ல முடியாது என்கிறாள். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்களாம், மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 14416 எண்ணைக் கொடுத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அன்று ராத்திரியே மொட்டை மாடியிலிருந்து பேசியிருக்கிறாள். நேரில் ஒருமுறை காட்டச் சொன்னார்களாம்.

வியாழக்கிழமை ஓபிக்குப் போகிறோம். இருவருக்கும் அரை நாள் லீவு சொல்லியாயிற்று. இதனால் என்னென்ன செய்யாமல் விட்டாள் என்று எழுதி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல் வரை நான் வருவேன். அதற்கு மேல் அவளே போவதாகச் சொல்லியிருக்கிறாள்.